ஓட்டுநர் பெயர் எழுதும் கட்டம்

சலோமிக்குச் சைக்கிள் தவிர வேறெதுவும் ஓட்டத் தெரியாது. அதையும் தொட்டு ஆறேழு வருடமாகிறது. அப்படிப்பட்டவளை, காரைக்கால் முடிந்து தமிழ்நாடு தொடங்கும் வாஞ்சூர் எல்லையில், நாகூர் பக்கத்துச் சோதனைச் சாவடி எதிரே நிறுத்திவைத்து, ஏட்டு கார்த்திகேசன் கேட்டார்.

"லைசென்ஸை எடும்மா."

"என்கிட்ட இல்லைங்க."

"லைசென்ஸ் இல்லாமயா ஓட்டற? அது தனி கேஸு, தெரியுமா?"

"நான் ஓட்டலைங்க சார்."

"அப்ப யாரு ஓட்டிட்டு வந்தா?"

சலோமி திரும்பி வண்டியைப் பார்த்தாள். எட்டுப் பேர் உட்காரும் வெள்ளை மின்சார வேன். ஸ்டியரிங் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சீட்டுகள் இருந்தன. அங்கே கைப்பிடிக் கம்பியும், வேளாங்கண்ணி மாதா படமும்தான். படம் அவள் ஒட்டியது.

"யாரும் ஓட்டலைங்க," என்றாள். சொல்லும்போது அவளுக்கே பொய் மாதிரிதான் கேட்டது.

பின்சீட்டுக்கு அடியில் ஒரு கட்டைப்பை இருந்தது. மேலே முருங்கைக்கீரை, கீழே பன்னிரண்டு குவார்ட்டர் பாட்டில். காரைக்கால் மண்ணில் அது கடையில் வாங்கிய சரக்கு. எல்லையைத் தாண்டி இருநூறு அடி வந்துவிட்டால் கடத்தல். பையும் மாறவில்லை, பாட்டிலும் மாறவில்லை, வண்டி நின்ற இடம்தான் மாறியிருந்தது.

நான்கு மாதமாக இந்த வேன் காரைக்கால் பஸ் ஸ்டாண்டிலிருந்து பட்டினம் வழியாகக் கீழவாஞ்சூர் துறைமுக வாசல் வரை போய்த் திரும்புகிறது. ஆளில்லாமல் ஓடுமா என்று பார்க்கிற வெள்ளோட்டம். ஆளில்லாத வண்டிக்கும் ஓர் ஆள் வேண்டும் என்று கம்பெனி சலோமியை எடுத்தது. அதற்கு முன் பதினோரு வருடம் துறைமுகத்தில் நிலக்கரி கூட்டினாள். துப்பினால் கறுப்பு, மூக்கைச் சிந்தினால் கறுப்பு. எக்ஸ்ரே பார்த்த டாக்டர், "இனிமே தூசிப் பக்கம் போனீங்கன்னா நான் பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டார். இந்த வேலைக்குப் போலீஸ் தரும் நன்னடத்தைச் சான்று கேட்டார்கள். வாங்கிக் கொடுத்தாள். ஒரு கேஸில் பெயர் ஏறினால் சான்று போய்விடும். சான்று போனால் வேலை போய்விடும். அப்புறம் மறுபடி துடைப்பம், மறுபடி கரி.

வேலை ஒன்றும் கஷ்டமில்லை. காலையில் ஏறியதும் பயணிகள் மாதிரி தன் கார்டையும் தட்ட வேண்டும். கணக்கில் வராத உடம்பு உள்ளே இருந்தால் வண்டி நகராது. கிழவர்களைக் கைகொடுத்து ஏற்ற வேண்டும். மற்றபடி எல்லாம் வண்டியே பார்த்துக்கொள்ளும். நேரமானால் மூன்று முறை மணியடிக்கும், கதவை மூடும், போய்விடும். படியில் யாராவது நின்றால் மட்டும் நிற்கும். ஷிப்ட் முடிந்து கரி அப்பிய முகத்தோடு பெண்கள் ஓடிவருவதைப் பார்த்தால் சலோமி ஒரு காலைப் படியில் வைத்துவிடுவாள். அந்த வண்டியின்மேல் அவளுக்கு இருந்த ஒரே அதிகாரம் அந்தக் கால்தான்.

இன்றைக்கு மதியம் துறைமுக வாசலில் கரி லாரிகள் வண்டி திரும்புகிற இடம் வரைக்கும் வரிசை கட்டி நின்றன. வேன் இரண்டு நிமிடம் யோசித்தது. பிறகு ஸ்பீக்கரில், "வாகனம் அடுத்துள்ள திருப்பத்தில் திரும்பும்" என்றது. அடுத்த திருப்பம் எல்லைக்கு அந்தப் பக்கம். நாகூர் போகவேண்டிய மீன் வியாபாரி அலாவுதீனுக்கு ஏகக் குஷி. "இத இத்தன நாளா செய்யாம என்னை நடக்க வுட்டுச்சு பாரு!" ஆனால் பின்சீட்டு நவநீதன் மட்டும் அவசரமாக எழுந்தான்.

"நான் இங்கேயே எறங்கிக்கறேங்க்கா. நடந்து வரேன்."

"இந்த வெயில்லயா?"

"வெயில் ஒடம்புக்கு நல்லதுக்கா."

மதியம் ரெண்டு மணிக்கு வாஞ்சூர் ரோட்டு வெயிலை நல்லது என்று சொன்ன முதல் ஆள் நவநீதன்தான். அப்போதே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். பழைய ஷேர் வேன் காலத்திலிருந்து நடப்பதுதான் இது. பை வண்டியில் போகும், ஆள் வெறுங்கையோடு நடந்துபோய் அந்தப் பக்கம் வாங்கிக்கொள்வான். மாட்டினால் டிரைவர் பார்த்துக்கொள்வார். டிரைவர் இல்லாத வண்டியில் யார் பார்த்துக்கொள்வது என்று நவநீதன் யோசிக்கவில்லை.

வண்டி சாவடி எதிரே திரும்பி, கிளம்பும் நேரத்துக்காகக் காத்து நின்றது. கார்த்திகேசன் சோதனைக்கென்று ஏறவும் இல்லை. ஸ்டியரிங் இல்லாத வண்டியைப் பார்க்க ஆசைப்பட்டு ஏறினார். கால் பையில் இடித்தது. கண்ணாடிச் சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

இப்போது நவநீதன் சாவடிக்கு எதிரே டீக்கடையில் கிளாஸோடு உட்கார்ந்து, யாரோ மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். சலோமிக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவன் பையை வைத்ததை அவள் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று சொன்னால் சாட்சி. சாட்சிக்கும் பெயர் எழுதுவார்கள்.

"ஆபீஸுக்குப் போன் போடும்மா," என்றார் ஏட்டு.

போட்டாள். ஸ்பீக்கரில் சென்னைக் குரல் வந்தது. "வணக்கம் சார், கன்ட்ரோல் ரூம்லேருந்து மதிவதனி பேசறேன்."

"நீதாம்மா வண்டிய ஓட்டறியா?"

"இல்ல சார். நான் பாத்துட்டிருப்பேன். எனக்கு ஆறு வண்டி."

"பார்டர் தாண்டச் சொன்னது யாரு?"

"வண்டிதான் சார் வழி கேட்டுது. நான் ஓகே குடுத்தேன்."

"அப்ப நீதான் ஓட்டியிருக்க."

"ஓகே குடுத்தா ஓட்டினதா ஆகாது சார்."

வேடிக்கை பார்க்க நின்றுவிட்ட அலாவுதீன் சிரித்தார். "என்னம்மா இப்படிச் சொல்ற? நிக்காஹ்ல ஒருவாட்டி ஓகே சொல்லிப்புட்டு நான் முப்பது வருஷமா ஓட்டிக்கிட்டிருக்கேன்."

"யோவ், நீ சும்மா இரு." ஏட்டு போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார். "இந்தம்மா யாரு? டிரைவரா, கண்டக்டரா?"

"ரெண்டும் இல்ல சார். உதவியாளர். ஆனா ரெக்கார்டுல பயணின்னுதான் காட்டுது. கார்டு தட்டியிருக்காங்க."

சலோமிக்கு மூச்சு வந்தது. "பாத்தீங்களா சார்? நான் பயணிதான்."

"பயணின்னா அது உன் பைதான். வண்டியில வேற பயணி யாரு இருக்கா?"

வந்த மூச்சு நின்றுபோனது. டிரைவர் என்றால் வண்டியில் கடத்தியவள். பயணி என்றால் பையில் கடத்தியவள். உதவியாளர் என்பதற்கு ஏட்டு வைத்திருந்த கேஸ் தாளில் கட்டமே இல்லை. தான் யார் என்று அவளுக்கே பிடிபடவில்லை. காலையில் ஏழு மணிக்கு வீட்டைப் பூட்டியபோது தெரிந்துதான் இருந்தது.

ஏட்டும் பாவம், குழம்பித்தான் போயிருந்தார். இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டார். "ஆமாங்கய்யா, வண்டி இருக்கு... இல்லைங்கய்யா, டிரைவர் ஓடலை. டிரைவரே இல்லை... குடிக்கலைங்கய்யா, டூட்டியில இருக்கேன்." போனை வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்தார். "பையை இருக்கற எடத்துலயே வச்சுப் போட்டோ எடுக்கணுமாம். அதுக்கு முன்னாடி டிரைவர் பேரைப் போட்டுக் கையெழுத்து வாங்கணுமாம். யார் பேரையாவது போட்டுத் தொலைன்னுட்டாரு."

சாவடி நிழலில் மேஜை போட்டு உட்கார்ந்தார். கேஸ் தாளை விரித்தார். ஓட்டுநர் பெயர் எழுதும் கட்டம் காலியாக இருந்தது.

வேனுக்குள் மணியடித்தது. இரண்டு நாற்பது. கிளம்புகிற நேரம். சலோமியின் வலது கால் படிமேல் இருந்தது, இடது கால் ரோட்டில். இவ்வளவு நேரமும் அப்படியேதான் நின்றாள்.

"இங்க வாம்மா. பேரச் சொல்லு."

"இங்கேருந்தே சொல்றேன் சார்."

"போலீஸ்காரன் கூப்புடறேன், படியில கால வச்சுக்கிட்டு ஜமீன்தாரிணி மாதிரி நிக்கற?"

"காலை எடுத்தா வண்டி போயிடும் சார்."

"எங்க போவும்?"

"காரைக்காலுக்குங்க."

"ஆளே இல்லாம?"

"ஆள் இல்லாமதான் சார் போவும். அதுக்குத்தான் செஞ்சிருக்காங்க."

கார்த்திகேசன் பேனாவை மேஜையில் தட்டினார். "காலையிலேருந்து வெயில்ல நிக்கறேன். எனக்கே கதை சொல்றியா? எறங்கும்மா கீழ!"

இரண்டாவது மணி அடித்தது.

இன்னொரு தடவை சொல்லலாம். சார், நிஜமாகவே போய்விடும், பையை முதலில் இறக்குங்கள் என்று விளக்கமாகச் சொல்லலாம். சலோமி டீக்கடையைப் பார்த்தாள். நவநீதன் கிளாஸை வாயில் வைத்தபடி அசையாமல் இருந்தான். மேஜையில் தாளின் முனை காற்றில் படபடத்தது. அந்த வெற்றுக் கட்டத்தில் தன் பெயர் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று நினைத்தாள். மூன்றே எழுத்து. தாராளமாகப் பிடிக்கும்.

"சரிங்க சார்," என்றாள்.

காலை எடுத்துக் கீழே வைத்தாள். மேஜையை நோக்கி நடந்தாள். நாலு எட்டு வைத்திருப்பாள், முதுகுக்குப் பின்னால் மூன்றாவது மணி, பிறகு கதவு மூடும் சத்தம். திரும்பவில்லை. திரும்ப வேண்டிய அவசியம் இல்லை, ஏட்டின் முகத்திலேயே எல்லாம் தெரிந்தது.

"ஏய்! நிறுத்து! நிறுத்துடா!"

யாரைச் சொன்னார் என்று அவருக்கும் தெரிந்திருக்காது. நாற்காலி சாய ஓடினார். முன்னால் போய் நின்றிருந்தால் வண்டி நின்றிருக்கும். பின்னால் ஓடினால் அது எதற்கு நிற்க வேண்டும்? மாதா படம், கீரை, பன்னிரண்டு பாட்டில் எல்லாவற்றோடும் வேன் சத்தமில்லாமல் எல்லையைத் தாண்டிப் போனது. ஏட்டு எல்லைக்கோட்டில் நின்றுவிட்டார். அதற்கு மேல் அவருடைய ஊர் இல்லை.

டீக்கடையில் நவநீதன் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு வந்த வழியே வேகமாக நடக்க ஆரம்பித்தான். இந்தத் தடவையும் வெறுங்கைதான்.

மூச்சு வாங்கத் திரும்பிவந்த கார்த்திகேசன் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வண்டியும் இல்லை, பையும் இல்லை. "இப்ப அத யாரு ஓட்டிட்டுப் போறா?" கேள்வியில் போலீஸ் குரல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"தெரியலைங்க சார்."

அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் போட்டார். "போ. போய்த் தொலை."

சலோமி எல்லையை நோக்கி நடந்தாள். லாரிகள் கிளப்பிய கரித்தூள் முகத்தில் அடித்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பெயர் ஏறவில்லை. அது நிச்சயம். ஆனால் காலை எடுத்தது யார்? அவள்தான். காலை எடுத்ததால்தான் வண்டி போனது. அப்படியென்றால் இந்தத் தடவை வண்டியை ஓட்டியது...

போன் அடித்தது. மதிவதனி.

"அக்கா, ஒண்ணும் பிரச்சினை இல்லையே? வண்டி கரெக்ட் டயத்துக்குக் கிளம்பிடுச்சு."

"நான் வண்டியில இல்லம்மா. ரோட்டுல நடந்துட்டிருக்கேன்."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"இல்லக்கா, உள்ளதான் இருக்கீங்க. நீங்க கார்டு தட்டி எறங்கவே இல்லையே. ஒரே ஒரு பயணின்னு காட்டுது. இப்ப பட்டினம்கிட்ட போயிட்டிருக்கீங்க."

சலோமி நின்று தன் காலைப் பார்த்தாள். இரண்டும் ரோட்டில்தான் இருந்தன.

"சரிம்மா," என்றாள். "பட்டினம் வந்தா சொல்லு."