அறுநூறு வாத்துகள் இறங்கிய வயல்

வரப்பைச் சுற்றிக்கொண்டு போக நேரமில்லை. கங்கம்மாள் சேற்றிலேயே விழுந்தடித்து ஓடினாள். எதிரே, ஆரணி ஆற்றுப் பக்கத்திலிருந்து வாய்க்காலை அடைத்துக்கொண்டு வாத்துகள் வந்துகொண்டிருந்தன. அறுநூறுக்குக் குறையாது. இன்னும் நூறு அடி தாண்டினால் பூவராகவன் வயல். அன்று காலையில்தான் அவள் புருஷன் தேசப்பன் அந்த வயலுக்குக் கூலிக்கு மருந்து அடித்துவிட்டு வந்திருந்தான். தண்ணீர் நுரைத்து, மூக்கைக் குத்தும் நாற்றத்தோடு கிடந்தது.

“யோவ் வாத்துக்காரரே, திருப்புய்யா. அங்க வெசம் கீது.”

பின்னால் மூங்கில் கழியோடு வந்த நெல்லூர்க்காரர் ஆதிநாராயணனுக்குக் கேட்கவில்லை. அவருக்கும் அவளுக்கும் நடுவே அறுநூறு தொண்டைகள் கத்திக்கொண்டிருந்தன.

பூவராகவன் வயல் மடைவாயில் போய் நின்று முந்தானையை விரித்துப் பிடித்தாள். முன்னால் வந்த வாத்துகள் தயங்கின. பின்னால் வந்தவை நெருக்கின. வலது பக்கம் கருவேல முள். இடது பக்கம் அவளுடைய எண்பது சென்ட் குத்தகை நிலம். நட்டு நாற்பது நாளான பயிர்.

அந்தப் பயிரே உயிருக்கு ஊசலாடிக்கொண்டிருந்தது. தூரெல்லாம் புகையான் பூச்சி, புழுதி அப்பியதுபோல். நிலத்துக்காரரும் பூவராகவன்தான். “மருந்து அடிக்காம வுட்டு பயிரு போச்சின்னா, தையோட நெலத்த வுட்ருங்க” என்று சொல்லியிருந்தார். கங்கம்மாள் மருந்து வாங்கவில்லை. “அவுரு வயலுக்கு அடிச்சிட்டு வந்து ராவெல்லாம் வாந்தியெடுக்கிறியே, அது போதாதா?” என்று புருஷனிடம் கேட்டவள் அவள்.

ஒரு நொடிதான் யோசித்தாள். இடது பக்கம் தன் வயலுக்கு வழி விட்டாள்.

வெள்ளமாக உள்ளே பாய்ந்தன. பயிர் போச்சு, நிலமும் போச்சு என்று அவள் தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். ஆதிநாராயணன் ஓடி வந்து பக்கத்து வயலை மோந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

“என் பசங்கள காப்பாத்துனியேம்மா” என்றார். “அழுவாத. அதுங்க பயிரத் தொடாது. கண்ண தொறந்து பாரு.”

பார்த்தாள். வாத்துகள் வரிசைக்கு வரிசை நீந்திப் போயின. ஒவ்வொரு தூரையும் தோளால் இடித்தன. பூச்சி தண்ணீரில் உதிர்ந்தது. உதிர்ந்த மாத்திரத்தில் அலகு சளசளவென்று அள்ளியது. ஒரு தோகை ஒடியவில்லை. எண்பது சென்ட்டையும் முடித்துவிட்டு வரப்பேறி இறகைச் சிலுப்பியபோது, கங்கம்மாள் ஒரு தூரைப் பிரித்துப் பார்த்தாள். அடுத்ததைப் பிரித்தாள். பத்து தூர் பிரித்தும் விரலில் பூச்சி ஒட்டவில்லை. வெறும் தண்ணீர்.

“இன்னா நைனா இது” என்றாள்.

“என் பசங்களுக்கு நாஷ்டா” என்று சிரித்தார் ஆதிநாராயணன். “நானே உனக்கு டப்பு குடுக்கணும். நாளைக்கும் வரட்டா?”

எட்டு நாள் வந்தார். தேசப்பன் தினமும் வரப்பில் குந்தி, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பான். “மழ பெய்யறாப்ல கீது, மே” என்பான். அப்புறம் தவளை வந்தது. சிலந்தி வந்தது. மார்கழிப் பனியில் ஒருநாள் விடியலில் வயல் முழுக்க சிலந்தி வலை, பயிர்மேல் ஒரே சல்லாத் துணியாக விரிந்திருந்தது. கங்கம்மாள் காலை எடுத்து வைக்கப் பயந்து அப்படியே நின்றாள். சாமி வந்து போன இடம்போல் இருந்தது.

பூவராகவன் வயலுக்கு மூன்று தடவை மருந்து விழுந்தது. ஒவ்வொரு தடவையும் பத்து நாளில் பூச்சி முன்னைவிட அதிகமாகத் திரும்பி வந்தது. கொதிதண்ணீர் ஊற்றியதுபோல் வட்டம் வட்டமாகப் பயிர் கருகிப்போனது.

தை பிறந்தது. கங்கம்மாள் வயலில் கதிர் தலை சாய்த்து நின்றது. அறுப்புக்கு இரண்டு நாள் இருக்கையில் பூவராகவன் ஜீப்பில் வந்து இறங்கினார். கூடவே கேமராவும் கையுமாக மருந்துக் கம்பெனி ஆள். இரண்டு பேர் ஒரு பெரிய பலகையைத் தூக்கி வந்து அவள் வயல் முகப்பில் குழி தோண்டி நட்டார்கள். பலகையில், முதுகில் மருந்து மிஷின் சுமந்து சிரிக்கிற ஒருவனின் படம். கீழே பெரிய பெரிய சிவப்பு எழுத்துகள்.

“ஆண்டே, இது வாத்து தின்ன வயலு” என்றாள் கங்கம்மாள்.

கம்பெனிக்காரர் சிரித்தார். பூவராகவன் சிரிக்கவில்லை.

“இந்தா கங்கா, மருந்துக் கடை நம்முளுது. வாத்துக்கு நான் எங்க கட வைக்கிறது? பலக நிக்கட்டும், நெலம் உங்கிட்டயே இருக்கட்டும். வர்ற போகத்துக்கும் உம்புருஷன்தான் எனக்கு மருந்து அடிக்கணும். அவனாட்டம் அடிக்க இங்க ஆள் இல்ல. சரியா?”

தேசப்பன் தலையாட்டினான். மிஷினை முதுகில் மாட்டி, பலகை ஓரமாக நிறுத்திப் படம் எடுத்தார்கள். “கேமராவப் பாருப்பா” என்று மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. ஜீப் புதுவாயல் ரோட்டில் ஏறி மறைந்தது.

கங்கம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. தேசப்பன் ஐந்தாவது வரை போனவன். ஊருக்கு வரும் கடிதாசையெல்லாம் அவன்தான் படித்துச் சொல்வான்.

“இன்னாய்யா எழுதிக்கீது? படி.”

அவன் பலகைக்குக் கிட்டே போனான். இன்னும் கிட்டே, மூக்கு இடிக்கிற அளவுக்குப் போனான். பிறகு கையை நீட்டி, சாயம் காயாத ஓர் எழுத்தை விரலால் மெல்லத் தடவினான்.

“தெரில மே” என்றான். “கார்த்திகலேர்ந்தே தெரில. வெளிச்சம் தெரியுது. நீ நிக்கிறது தெரியுது, மூஞ்சி தெரில. கடைசி தபா வரப்ப காலால தடவிக்கினேதான் மருந்து அடிச்சேன்.”