நாலு மணிக்குத் திரும்பியவர்

“அப்போ நாலு மணிக்கு ஸ்டேஷனுக்குத் திரும்பிட்டார்னு எழுதினது பேயா?” என்றார் இன்ஸ்பெக்டர் தரம்பால்.

“நான்தான், ஜனாப்,” என்றாள் ரக்ஷா.

அந்தக் கின்னௌர் மலைப் போலீஸ் ஸ்டேஷனில் அவள்தான் ரைட்டர். யார் எப்போது டூட்டிக்குக் கிளம்பினார், எப்போது திரும்பினார் என்று டைரியில் எழுதுவது அவள் வேலை. ஏட்டு பாலக் ராமுக்கு முந்தாநாள் பாறை சரிகிற வளைவில் டூட்டி, நாலு மணி வரை. நாலே முக்காலுக்கும் அங்கேதான் நின்றார். ஒரு பஸ்ஸைப் பின்னுக்கு அனுப்பினார். பஸ் தப்பித்தது. மலை அவர்மேல் இறங்கியது.

தினமும் வந்ததும் நேரே சமையல்கட்டுக்குத்தான் போவார். “நீயே எழுதிக்கோ பொண்ணே, நான் எங்க ஓடிடப் போறேன்? ராஜ்மா ஆறிடும்!” அவளும் ஆள் வருமுன்பே எழுதிப் பழகியிருந்தாள். அன்றைக்கும் எழுதினாள்.

தரம்பால் குரலைத் தணித்தார். “இதைப் பார்த்தா, டூட்டி முடிச்சுட்டு ஊர் சுத்தினவன்மேல கல்லு விழுந்துதும்பாங்க. ‘வந்துட்டேன்’னு அவரே வயர்லெஸ்ல சொன்னார்னு எழுது. உன் வேலையாவது நிக்கும்.”

“அப்படி எழுதினா, அக்டோபர் இருபத்தொண்ணுல டூட்டியில உயிர்விட்ட போலீஸ்காரங்களோட அவர் பேரையும் வாசிப்பாங்களா?”

“மாட்டாங்க.”

அவளுக்கு அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை. சமையல்கட்டில் அவர் தட்டு இரண்டு நாளாக மூடியே கிடந்தது. கழுவணும் என்று நினைத்தாள். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தாள். ‘பொய்யான பதிவு. அவர் திரும்பவில்லை. எழுதியது நான்.’ கையெழுத்துப் போட்டாள்.

“பைத்தியமா உனக்கு?”

“தட்டைக் கழுவிட்டு வர்றேன், ஜனாப்.”

அக்டோபர் இருபத்தொன்று வந்தது. சஸ்பெண்டான ரக்ஷா வீட்டில் ஆப்பிளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது.

“வாசிச்சுட்டாங்க பொண்ணே, பாலக் ராம்னு,” என்றார் தரம்பால். “டைரியில அவர் கிளம்பினது மட்டும் இருக்கு, திரும்பினது இல்லையே. உடம்பு வந்து சேர்ந்த நேரத்தைப் போட்டுடவா?”

“வேணாம், ஜனாப். அவர் டூட்டியிலேயே இருக்கட்டும்.”

அடுத்த ஆப்பிளை எடுத்தாள். டைரியில் அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. எனக்கென்னவோ அதுதான் சரி என்று படுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள், நீங்களாக இருந்தால் நிரப்பியிருப்பீர்களா?