சோரியாங்குப்பத்து ஜனவரிக் கற்கள்

சோரியாங்குப்பத்தில் 1966ஆம் வருடத்திலிருந்து 1983 வரை ஜனவரி மாதம் பிறந்த குழந்தைகள் எல்லாமே வலது கையில் ஒரு கார்னெட் கல்லை மூடிப் பிடித்துக்கொண்டுதான் பிறந்தன. டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி பிறந்தவை வெறுங்கையோடு வந்தன, பிப்ரவரி முதல் தேதி பிறந்தவையும் அப்படியே. ஊர்க்காரர்கள் இதை முதலில் தை மாதத்து வரம் என்று நினைத்து, மார்கழிக் கடைசியில் கல்லோடு பிறந்த பிள்ளைகளைக் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்தார்கள். அந்த அதிசயம் பஞ்சாங்கத்தை மதிப்பதில்லை, இங்கிலீஷ் காலண்டரைப் பார்த்துத்தான் நடக்கிறது என்று தெரிய நாலு வருடம் ஆயிற்று. கோயில் பூசாரிக்கு மட்டும் அதில் கடைசிவரை மனத்தாங்கல் இருந்தது. கல் கடலைப்பருப்பு அளவு இருக்கும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாலும், தூங்க வைத்தாலும் பிள்ளை கையைத் திறக்காது. முப்பதாம் நாள் தீட்டுக் கழித்து, அத்தைக்காரி காதில் மூன்று தரம் பெயர் சொல்லும்போது விரல்கள் ஒவ்வொன்றாகத் தானே பிரியும். முதல் வருடம் ஒரு தகப்பன் அவசரப்பட்டு விரலைப் பிரிக்கப் பார்த்தான். பிள்ளை நீலம் பாரித்துப் போய், அவன் கையை எடுத்த பிறகுதான் மூச்சு விட்டது. அதற்கப்புறம் முப்பது நாளுக்கு முன்னால் விரலைத் தொடவோ பெயரைச் சொல்லவோ ஊரில் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

கல்லுக்குப் பெயர் சொன்னவர் வில்லியனூர் சூசைநாதன். பிரெஞ்சு பட்டாளத்தில் சைகோன் வரை போய் வந்து பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தவர். வருடா வருடம் பிப்ரவரியில் ஒரு பூதக்கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்து, வீடு வீடாகக் கற்களைப் பார்ப்பார். "இது கிரெனாப்பா, பிரெஞ்சுல கார்னெட்டுக்கு அதான் பேரு. அந்த ஊர்ல ஜனவரியில பொறந்தவங்களுக்கு இத்தத்தான் மோதிரத்துல வச்சிக் குடுப்பாங்க. இங்க சாமி கையிலயே குடுத்து அனுப்புது" என்பார். மாதுளை முத்து மாதிரிச் சிவந்தது ரத்தத்தைக் கட்டும், தூர தேசம் போனவரைத் திருப்பிக் கொண்டுவரும். நாவல்பழச் சாயல் ஓடினால் மனக்கசப்பைத் தீர்க்கும். தேன் நிறத்தில் இருப்பது நம்முடைய கோமேதகமேதான், ராகுவுக்குரியது, கெட்ட கனவை அண்ட விடாது. பச்சையிலும் ஒன்று உண்டென்றும், அதைத் தான் கண்ணால் கண்டதில்லை, எதற்கு ஆகும் என்றும் தெரியாது என்றும் சொன்னார். நோவா தன் கப்பலுக்குள் விளக்குக்குப் பதிலாக இந்தக் கல்லைத்தான் தொங்கவிட்டார் என்று அவர் சொன்னபோது ஊர் சிரித்தது. ஆனால் ஒரு புயலில் மூன்று நாள் கரண்ட் இல்லாதபோது, கல் இருந்த வீடுகளில் அந்த வெளிச்சத்திலேயே அரிசி புடைத்து உலை வைத்தார்கள். கண்ணையன் என்ற கூலியாளின் முழங்காலைக் கரும்பு வெட்டும் கத்தி பிளந்த அன்று, அவன் மகளின் சிவப்புக் கல்லை வைத்ததும் ரத்தம் நின்றது. ஒரு பிள்ளையின் கல் அந்தப் பிள்ளையின் ரத்த உறவுக்கு மட்டுமே கேட்கும். பக்கத்து வீட்டுக்காரர் இரவல் வாங்கி வைத்தால் அது வெறும் கல்.

இப்படி இருக்கும்போது யார்தான் சும்மா இருப்பார்கள். மற்ற ஊர்களில் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கக்கூடாது என்று ஆடியில் புதுப்பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்புவார்கள். சோரியாங்குப்பத்தில் ஆடியை விட்டுவிட்டுச் சித்திரையைப் பிடித்துக்கொண்டார்கள்; சித்திரையில் உண்டானால் ஜனவரியில் பிறக்கும் என்று கணக்கு. கல்யாணமெல்லாம் பங்குனிக் கடைசியில் நடந்தது. சித்திரை பிறந்ததும் மாமியார்கள் கோயில் குளம் என்று மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பி, வீட்டைச் சின்னஞ்சிறுசுகளிடம் விட்டார்கள். வெளியூரில் வாழ்க்கைப்பட்ட பெண்கள் பிரசவத்துக்கு இங்கே வந்தார்கள். பெண்ணையாற்றுக்கு அந்தப் பக்கம் பிறந்தால் கல் கிடையாது என்பதால், இங்கே வாழ வந்த மருமகள்கள் மட்டும் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போக முடியாமல் ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அப்படி உட்கார்ந்தவர்களில் ஒருத்தி தனக்கொடி. கரும்பு பயிரிடும் சுப்புராயனின் மனைவி. கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து உண்டானவள். அவள் தாய் வீடு கடலூரில், பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. ஏழாம் மாதம் அவள் அம்மா வந்து கூப்பிட்டபோது சுப்புராயன் அனுப்ப மறுத்துவிட்டான். "எட்டு வருஷமா ஊரே கல்லு வச்சிக்கினு திரியுது. எம்புள்ள மட்டும் வெறுங்கையோட வரணுமா?" என்றான். அந்த அம்மாள் கொண்டுவந்த வளையல்களை மகள் கையில் பூட்டிவிட்டுப் போனாள். தனக்கொடி அவனிடம் சண்டை போடவில்லை. அவன் நல்லவன்தான், ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

1975 ஜனவரி பத்தொன்பதாம் தேதி காலை பத்து மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. வலது கை மூடியிருந்தது. வாசலில் நின்ற சுப்புராயன் அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு முடியவில்லை, அதற்குள் பிரசவம் பார்த்த தையலம்மாள் கதவைத் திறந்து அவனை உள்ளே கூப்பிட்டாள். ஆண்கள் நுழையாத அறை. அவன் தயங்கினான்.

"வாடா உள்ள, வெக்கமெல்லாம் அப்பால பட்டுக்கலாம். ரத்தம் நிக்க மாட்டேங்குது. பாகூருக்கு காருக்கு ஆள் அனுப்பு."

ஆள் அனுப்பிவிட்டு ஓடி வந்தான். "பெரியம்மா, கல்லு இருக்குதில்ல?"

"இருக்குது, புள்ள கையில. முப்பது நாள் கழிச்சித் தொறக்கும். இப்ப நான் இன்னா பண்ணட்டும்? புடுங்கவா? புடுங்கினா புள்ள நிக்குமா?" தையலம்மாள் கேட்டது கேள்வி இல்லை. அந்தப் பதிலை அவன் வாயால் சொல்லட்டும் என்று அவள் காத்திருந்தாள்.

சுப்புராயன் பிள்ளையைப் பார்த்தான். பிறந்து கால்மணிகூட ஆகாத அந்தச் சின்னக் கை, கட்டைவிரலை உள்ளே வைத்து இறுக மூடியிருந்தது. பெண்டாட்டியைப் பார்த்தான். உதடு வெளுத்து, கண் பாதி சொருகியிருந்தது, பாய் நனைந்து மண் தரைவரை போயிருந்தது. இரண்டு தெரு தள்ளி ஆஸ்பத்திரி இருந்த வீட்டுக்கு இவளை அனுப்பியிருக்கலாம். ஒரு கல்லுக்காக இவளைக் கொன்றுவிட்டேனே என்று நினைத்தான். கல்யாணமான நாளிலிருந்து அவளை 'இந்தா' என்றும் 'தே' என்றும்தான் கூப்பிட்டுப் பழக்கம். அவள் பெயர் ரேஷன் கார்டில் இருந்தது, அவன் வாயில் வந்ததில்லை. இப்போது அவள் போகிறாள் என்று தெரிந்ததும், கல், முப்பது நாள், ஊர், எல்லாம் மறந்துபோய் அவள் முகத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டுக் கத்தினான்.

"தனக்கொடி! தனக்கொடி! ஏ தனக்கொடி, போவாதடி!"

தாய்க்குக் கேட்டதா என்று தெரியாது. அவள் தோளோடு ஒட்டிக் கிடந்த பிள்ளைக்குக் கேட்டது. மூன்று தரம் சொன்ன பெயரைத் தன் பெயராக எடுத்துக்கொண்டு, சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொன்றாக அது கையைத் திறந்தது. பிள்ளை நீலம் பாரிக்கவில்லை, அழவில்லை. உள்ளங்கையில் இருந்த கல் இளம் நெற்பயிர் மாதிரிப் பச்சையாக இருந்தது. சிவப்பு இல்லையே என்று தையலம்மாள் வாய்விட்டுச் சொன்னாள். சுப்புராயனுக்கு அது காதில் ஏறவில்லை. எடுத்துத் தனக்கொடியின் அடிவயிற்றில் வைத்தான். பச்சைக் கல்லின் ஓரம், வெற்றிலை போட்ட வாய் சிவக்கிற மாதிரி மெல்ல மெல்லச் சிவந்தது. சிவப்பு நடுவுக்கு வந்தது, முழுக்கப் பரவியது, கடைசியில் நன்றாகப் பழுத்த மாதுளை முத்தாக நின்றது. ரத்தமும் அத்தோடு நின்றது. அறைக்குள் மூன்று பேர் மூச்சு விடும் சத்தத்தைத் தையலம்மாள் எண்ணிப் பார்த்தாள், தன்னுடையதோடு நாலு. பிறகு தரையில் உட்கார்ந்து, தெரிந்த சாமிகளை எல்லாம் வரிசையாகக் கும்பிட்டாள், வில்லியனூர் மாதாவையும் விடவில்லை. அவளுடைய நாற்பது வருடத் தொழிலில் இப்படி ஒன்றை அவள் கண்டதே இல்லை.

கார் வந்தபோது தனக்கொடி கண் விழித்திருந்தாள். "எம்பேரை யாரோ கூப்புட்டாங்க" என்றாள். "நான்தான்" என்றான் சுப்புராயன். "நீயா? உனுக்கு எம்பேரு தெரியுமா?" என்று கேட்டுவிட்டுக் கஞ்சி வேண்டும் என்றாள். அவன் கல்லைத் திரும்பப் பிள்ளை கையில் வைத்தான், கை மூடிக்கொண்டது. நாலாம் நாள் சேதி கேட்டு வந்த சூசைநாதன், பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கையைத் திறக்கச் செய்து, பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். பிறகு மாதா கோயில் பூசையில் நிற்பதுபோலத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். பச்சைக் கல் எதற்கு ஆகும் என்று அவர் அன்றைக்கும் சொல்லவில்லை.

பதினைந்தாம் நாள் சுப்புராயன் பிறப்பைப் பதிய பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போனான். எழுத்தர் பிள்ளை பெயரைக் கேட்டார். தனக்கொடி என்றான். தாய் பெயரைக் கேட்டார். தனக்கொடி என்றான். எழுத்தரின் பேனா நின்றது. அந்த வட்டாரத்தில் பெற்றவள் பிரசவத்தில் போய்விட்டால்தான் பெண்ணுக்கு அவள் பெயரை வைப்பார்கள். அந்த மாதிரிப் பதிவுகளை அவர் நிறைய எழுதியவர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "எப்பப்பா தவறினாங்க?" என்று கேட்டார்.

சுப்புராயனுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும், "ஐயோ, இருக்கா சார்" என்றான். "உசுரோட இருக்கா. வூட்ல கஞ்சி குடிச்சிக்கினு இருக்கா." அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு அழுகை வெடித்துவிட்டது. மேஜையைப் பிடித்துக்கொண்டு, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் அழுதான். எழுத்தர் அவன் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரே பெயரை ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு தரம் எழுதி, மையை ஒற்றி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.