புளி போட்டுத் தேய்த்த வெள்ளி

பெயரைக் கூப்பிடும் வரை வேலுத்தாய் மடியிலிருந்த மஞ்சப்பையைக் கீழே வைக்கவில்லை. குரங்கணியிலிருந்து ஜீப்பில் இறங்கி போடி ஆஸ்பத்திரிக்கு வரும் வழியெல்லாம் அவளுக்குள் சின்னதாக ஒரு பெருமை.

ஏலத்தோட்டத்தில் களையெடுக்கும்போது அவள் புருஷன் காசிமாயனின் காலில் மூங்கில் முளை குத்திவிட்டது. சர்க்கரை உடம்பு, வலி தெரியவில்லை. சுண்டுவிரல் சீழ் வைத்து நாறிய பிறகுதான் முதல் தடவை மலையிறங்கினார்கள். நர்ஸ் சிவரஞ்சனி புண்ணைக் கழுவி, மெல்லிய துணி மாதிரி ஒன்றை வைத்துக் கட்டினாள். "இதுல வெள்ளி இருக்குக்கா, கிருமியக் கொல்லும். அடிக்கடி வர முடியாதுங்கிறீங்க. வீட்லயே மாத்திக் கட்டுங்க" என்று அதே துணி வைத்த சில உறைகளையும் கொடுத்து அனுப்பினாள்.

இப்போது கட்டைப் பிரித்ததும் சிவரஞ்சனியின் முகம் மாறியது. விரல் நீலம் பாரித்திருந்தது.

"தண்ணியில நடந்தீங்களாண்ணே?"

"எங்க தாயி? இவ என்னையக் கட்டில விட்டு எறங்கவே விடல."

"ஒழுங்கா மாத்துனீங்களாக்கா?"

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தவள் போல வேலுத்தாய் பையைத் திறந்தாள். உறைகள் பிரிக்காமல் அப்படியே இருந்தன.

"ஒண்ணக்கூட வீணாக்கல தங்கச்சி. கட்டுனது கறுத்துப்போச்சு. வெள்ளின்னா கறுக்கத்தான செய்யும்? கொலுசக் கழுவுற மாதிரி புளி போட்டுத் தேச்சு, ஏலக்காய் ஒணத்துற பொகை ஸ்டோர்ல காயோட சேத்துக் காயவச்சு, அதையே திரும்பக் கட்டிட்டேன். இந்தப் புதுசெல்லாம் வேற யாருக்காச்சும் ஆகும்ல."

சிவரஞ்சனி பிரித்த கட்டை மூக்கருகே கொண்டுபோனாள். கையிலிருந்த பழைய துணியில் சீழ் நாற்றத்தோடு ஏலக்காய் வாசமும் புகையும் அடித்தது. அதைத் தட்டில் போட்டுவிட்டு மெல்லச் சொன்னாள்.

"கறுத்துச்சுன்னா அதோட சோலி முடிஞ்சிருச்சுக்கா. தூக்கிப் போடணும். நான் அதைச் சொல்லியிருக்கணும்."

அவள் திட்டியிருக்கலாம் என்று வேலுத்தாய்க்குத் தோன்றியது. உறைகளை நீட்டிய கை, மடக்கவும் முடியாமல் அந்தரத்தில் நின்றது.

டாக்டர் வந்து பார்த்தார். சுண்டுவிரலை எடுத்துவிட்டால் பாதத்தைக் காப்பாற்றிவிடலாம் என்றார்.

காசிமாயன் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சிரித்தான்.

"எடுங்க டாக்டரு. எங்கால்ல வெள்ளியப் பாத்ததும் இவளுக்குக் கை சும்மா இருக்கல. அவ அப்பன் போட்ட கொலுசுன்னு நெனச்சுட்டா."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளைக் காப்பாற்றத்தான் அவன் அதைச் சொன்னான். அது அவளுக்கும் தெரிந்தது. ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் தாங்கியிருப்பாள்.

அவனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். வேலுத்தாய் பெஞ்சில் உட்கார்ந்தாள். குனிந்த பார்வையில் அவள் பாதம் பட்டது. வெள்ளிக்கிழமை தவறாமல் புளி போட்டுத் தேய்க்கும் மெட்டி, விரலில் பளிச்சென்று கிடந்தது.

காலை உள்ளே இழுத்து, சேலையால் மூடிக்கொண்டாள்.