வலி இல்லை என்று எழுதியவள்

அந்தப் பட்டறையில் உட்கார்ந்தே சம்பளம் வாங்கியவள் அவள் ஒருத்திதான். அதனால் எல்லோருக்கும் அவள் மகாராணி.

ஐம்பது பேர் போகிற சின்ன ஜெட் விமானம் ஒன்றின் உட்புறத்தைப் பலகையால் அப்படியே செய்து நிறுத்தியிருந்தார்கள். ஒரு பக்கம் ஒற்றை இருக்கை, மறுபக்கம் இரட்டை, நடுவில் ஒருக்களித்துப் போகிற அளவுக்கு வழி. புது இருக்கை வந்தால் அவள் இரண்டு மணி நேரம் எழுந்திருக்காமல் அதில் உட்கார வேண்டும். எங்கே அழுத்துகிறது, எங்கே குத்துகிறது என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வளைந்த சுவர் தோளை இடிக்கிறது என்று ஒருமுறை அவள் எழுதியதற்காக ஒரு வரிசையையே கட்டைவிரல் அகலம் நகர்த்தினார்கள். அவள் சரி என்று எழுதிவிட்டால் அதற்கு அப்பீல் கிடையாது. இருக்கை பொருத்துகிறவர்கள் விளிம்புகளைக் கையால் தடவிப் பார்க்கும் வழக்கத்தையே விட்டுவிட்டார்கள். பிசிர் இருந்தால் மகாராணி சொல்லிவிடுவாளே!

மகாராணி சொல்லாத ஒன்று இருந்தது. இரண்டு வருஷமாகச் சர்க்கரை வியாதியில் அவளுக்கு முழங்காலுக்குக் கீழே மரக்கட்டைபோல் மரத்துக் கிடந்தது. சொன்னால் அந்த இருக்கை போய்விடும். இடுப்பும் முதுகும் சொல்வதை வைத்துக் காலுக்கும் சேர்த்தே எழுதிவந்தாள்.

அன்று புதிதாக ஒரு வரிசை இருக்கை சேர்த்திருந்தார்கள். அதைப் பொருத்தியவன் அவளுடைய தம்பிதான்.

"என்ன மகாராணி, சிம்மாசனம் எப்படி?"

"போடா. சிம்மாசனத்துல கால் இடிக்குமா?"

"ஐயோ, இடிக்குதா?"

அவள் குனிந்து பார்த்துத்தான் பதில் சொன்னாள். "இல்லடா, சும்மா சொன்னேன்."

இரண்டு மணி நேரம் கழித்து, 'கால்: வலி இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். பிறகு கழிவறையில் செருப்பை மாட்டிக்கொள்ள ஷூவைக் கழற்றியபோது காலுறை சிவப்பாக நனைந்திருந்தது. கணுக்காலுக்கு மேலே விரல் நீளத்துக்குக் கீறல்.

துணியைச் சுற்றிக்கொண்டு திரும்பிப் போனாள். முன் இருக்கையின் அடியில் கையை விட்டுத் தடவினாள். தகட்டின் விளிம்பு பிளேடு மாதிரி இருந்தது.

தம்பி பார்த்துவிட்டான். "என்னக்கா இது! கத்தியிருக்கலாம்ல?"

"தெரியலடா."

"எது தெரியல?"

"கீறினது."

அவன் வழியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"தகட்டை இப்பவே அரத்தால ராவிடறேன்க்கா. அஞ்சு நிமிஷ வேலை. நீயா போய் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்காத."

"தகட்டை ராவிடலாம். என் காலை என்ன பண்ணுவ?"

"தடவிப் பாக்காம விட்டது என் தப்புதானே?"

"நான் இருக்கேன்னு நம்பித்தானேடா விட்ட."

அவள் அறைக்குள் போனபோது தலைமை வடிவமைப்பாளர் ஏதோ தாளில் குனிந்திருந்தார். தகடு காலைக் கீறியதையும் அது தனக்கு உறைக்காமல் போனதையும் சொன்னாள்.

"சரிம்மா, முதல்ல டாக்டரைப் பாருங்க," என்றார். "நாளைக்கு வேற ஆளை உக்கார வெச்சுக்கறேன். இன்னைக்கு ஒரு நாள்தானே?"

தலையை ஆட்டினால் போதும். அதோடு முடிந்துவிடும்.

"இல்ல சார். ரெண்டு வருஷமா இப்படித்தான்."

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். "போன வருஷ மாடல் பறந்துட்டிருக்கும்மா."

"தெரியும் சார். அதுலயும் காலுக்கு நான் எழுதினதெல்லாம் ஊகம்தான்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருக்கணும்."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்து நின்றாள். திட்டவில்லை. அலமாரியைத் திறந்து இரண்டு தடித்த கோப்புகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். பக்கத்துக்குப் பக்கம் அவள் கையெழுத்து. பக்கத்துக்குப் பக்கம், வலி இல்லை.

"எது நிஜம், எது ஊகம்னு உங்களுக்குத்தான் தெரியும்," என்று சிவப்புப் பேனாவை நீட்டினார்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் தாளை எடுத்து, அந்த இரண்டு சொற்களையும் அடித்தாள்.