தியேட்டர் பிரிண்ட்

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் எங்கள் ஆபீஸுக்கு ஒரே வேலைதான். இணையத்தில் திருட்டுப் படங்களைத் தேடிப் பிடித்து, நீக்கச் சொல்லி நோட்டீஸ் அனுப்புவது. காலையில் ஒன்றை நீக்கினால் மத்தியானம் அதே படம் வேறு பெயரில் முளைத்திருக்கும். சமையலறை எறும்புக்கு மருந்து போடுகிற மாதிரி. இதனால் யாருக்கும் பிரயோஜனம் இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை. சம்பளம் வந்தது, செய்தேன்.

என் புருஷன் விஷ்ணு செத்த பிறகு இந்த வேலை இன்னும் சௌகரியமாகிவிட்டது. யோசிக்கவே வேண்டாம். பாடி மேம்பாலத்தருகே லாரி மோதியதில் அவனோடு அவன் செல்லும் நசுங்கிவிட்டது. என் செல்லில் அவன் போட்டோக்கள் இருக்கின்றன, குரல் இல்லை.

போன வாரம் ஒரு பேய்ப் படத்தின் பழைய காப்பிகளைத் துடைக்கச் சொன்னார்கள். இரண்டாம் பாகம் வரப்போகிறதாம். அதில் ஒன்று தியேட்டரில் எவனோ செல்போனில் எடுத்தது. ஆவடியில் நானும் விஷ்ணுவும் முதல் நாளே பார்த்த படம். சரிபார்ப்பதற்காக ஹெட்போனை மாட்டி ஓட்டினேன். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால், எடுத்தவனுக்குப் பின்சீட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"இன்னாடி, பயந்துகினு கீறியா? கைய குடு."

"சும்மா படத்த பாரு," என்றது ஒரு பெண் குரல். அது நான்.

திரும்பத் திரும்பக் கேட்டேன். உள்ளே ஒன்றும் அசையவில்லை. ஆபீஸுக்குள் செல்போனோ பென்டிரைவோ கொண்டுபோக விடமாட்டார்கள். நோட்டீஸை ஒரு நாள் தள்ளிப்போட்டு, வீட்டுக்குப் போய் அதை என் செல்லில் இறக்கியிருக்கலாம். ஆனால் திருட்டுக் காப்பி எங்கே போய்விடும்? நாளைக்கே பத்து இடத்தில் வரும், அப்போது எடுத்துக்கொள்ளலாம் என்று வழக்கம்போல அனுப்பிவிட்டேன்.

சாயங்காலமே அது போய்விட்டது. மறுநாள் தேடினேன், அதற்கு மறுநாளும். அந்தப் படம் எங்கு பார்த்தாலும் கிடைக்கிறது, பளிச்சென்று, தியேட்டர் சத்தமே இல்லாமல். டீம் லீடர் வெங்கட்டிடம் சும்மா கேட்பதுபோல, அந்தத் தியேட்டர் பிரிண்ட் மறுபடி வருமா என்று கேட்டேன்.

"நல்ல பிரிண்ட் இருக்கசொல்ல அந்தக் கருமத்த எவன் ஏத்துவான்? அது அவ்ளோதான் அகல்யா, ஒழிஞ்சுது," என்றான். பாராட்டுகிற மாதிரி சிரிக்கவும் செய்தான்.

சரி என்று சீட்டுக்கு வந்து அடுத்த லிங்கைத் திறந்தேன். இத்தனை வருடத்தில் நான் நீக்கவைத்து, திரும்பி வராத காப்பி அது ஒன்றுதான்.