ஒட்டக் கடித்த முடிச்சு

1

ஒரு பெண் நூலைப் பல்லால் கடித்து அறுப்பதைப் பார்த்தேன். இந்தக் கதைக்கு என் கையிருப்பு அவ்வளவுதான்.

கோடைக் காலை, சின்ன ஏரி. அவள் கரையோரப் பலகை ஒன்றில் உட்கார்ந்து மூங்கில் தூண்டிலின் நூலில் முள்ளைக் கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சை இறுக்கினாள். மிச்சமிருந்த நுனியை வாயில் கொடுத்து, முடிச்சோடு ஒட்ட, நறுக்கென்று கடித்துத் துப்பினாள். எங்கள் தெருத் தையல் கடை அக்கா பொத்தான் தைத்து முடித்ததும் செய்வது அச்சு அசலாக அதேதான். இவள் தையல்காரி என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன். பெரிய மீன் வந்தால் இவள் தொலைந்தாள் என்பதும் கூடவே தோன்றியது.

ஏனென்றால் துணியில் போட்ட முடிச்சை யாரும் அந்தப் பக்கமிருந்து பிடித்து இழுப்பதில்லை. தூண்டில் முடிச்சை மீன் இழுக்கும். இழுக்க இழுக்க முடிச்சு இன்னும் இறுகும். இறுகும்போது நுனியிலிருந்து கொஞ்சம் நூலை உள்ளே வாங்கிக்கொள்ளும். வாங்க நுனியே இல்லையென்றால் மொத்தமும் உருவிக்கொண்டு வந்துவிடும்.

போய்ச் சொல்லியிருக்கலாம். "அக்கா, நுனியில வால் கொஞ்சம் விட்டுக் கட்டுங்க." ஒரே வரி. முன்பின் தெரியாதவரிடம் அந்த ஒரு வரி பேசுவதைவிட எனக்கு ஒரு கதை எழுதுவது சுலபம். எழுத வீட்டுக்குத் திரும்பி நடந்தேன். பாதி வழியில் நடை ஓட்டமாகிவிட்டது.

2

முதல் தொடக்கம்: "ஏரி உறங்கிக்கொண்டிருந்தது. அதன் மடியில்—"

வேண்டாம். கோடையில் ஏரி எங்கே உறங்குகிறது? அடியில் கெண்டைகள் மூக்கால் சேற்றைக் கிளறிக்கொண்டே போகும். அவை போகும் வழியெல்லாம் குமிழ்கள் வரிசையாக மேலே வந்து உடையும். அடுப்பில் வைத்த பால் மாதிரிதான் அந்தத் தண்ணீரைப் பார்க்க வேண்டும். கண்ணை எடுக்க முடியாது.

இரண்டாம் தொடக்கம்: "வாழ்க்கையில் அவளுக்கு எல்லாமே—"

'எல்லாமே' என்று ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்க என்னிடம் சரக்கு இல்லை.

மூன்றாவது: "இன்றைக்கும் மீன் வரவில்லையென்றால் இருக்கை குட்டிக்குப் போய்விடும்."

இது நிற்கிறது. வாருங்கள்.

3

இன்றைக்கும் மீன் வரவில்லையென்றால் இருக்கை குட்டிக்குப் போய்விடும்.

ஏரியைச் சுற்றி ஐந்தே ஐந்து பலகைகள், ஐந்துக்கும் ஆள் உண்டு. சுருள் வைத்த நவீனத் தூண்டிலை அங்கே ஓங்கி வீசினால் எதிர்க்கரைக்காரரின் தொப்பிதான் மாட்டும். ஆகவே மூங்கில் கம்பு, அதன் நுனியில் கட்டிய பட்டு நூல், இறகுத் தண்டில் செய்த தக்கை*, ஓர் ஈயக் குண்டு, ஒற்றை முள். இதற்குமேல் எதற்கும் அனுமதியில்லை. பிடித்த மீனைக் கைவலையில் ஏந்தி, இன்னொரு இருக்கைக்காரருக்குக் காட்டிவிட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும். கோடை முழுக்க ஒரு கெண்டைகூடக் காட்டாதவர், கடைசி ஞாயிற்றுக்கிழமை மதியம் எழுந்து, காத்திருப்பவருக்கு இடம் விட வேண்டும்.

இன்று கடைசி ஞாயிறு. தையல்காரி இதுவரை காட்டியது ஓர் ஆமை, ஒரு ரப்பர் செருப்பு.

(* தக்கை மூழ்கினால் மீன் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கெண்டை அப்படியில்லை. அடியில் கிடக்கும் இரையை அது ஈயக் குண்டோடு சேர்த்துத் தூக்கும். பாரம் போன தக்கை மேலே எழும்பி, தண்ணீரில் படுத்துக்கொள்ளும். இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.)

வாரம் முழுக்க அவள் முன்னறையில் மிஷினுக்கு முன்னால் இருப்பாள். "இடுப்புல கொஞ்சம் பிடிச்சுக் குடுங்க." "கை லூசா இருக்கு." "நாளைக்கே வேணும்." உள்ளே மாமனார் கண்ணாடியைக் காணோம் என்பார். கணவர் சாவியைக் காணோம் என்பார். இந்தப் பலகையில்தான் அவளிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. எங்கே போகிறாய் என்றால், "சும்மா, காத்து வாங்க" என்பாள்.

இருக்கைக்குக் காத்திருக்கும் குட்டி வேறு யாருமில்லை, அவளுடைய நாத்தனார், கணவரின் தங்கை. கதவளவு ஆகிருதி. பள்ளி வேன் ஓட்டுகிறாள். வீட்டுக்குக் கடைக்குட்டி என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று அவள் கையில் ஒரு மெத்தைத் திண்டோடு வந்திருந்தாள்.

"என்ன அண்ணி, செருப்புக்கு ஜோடி கிடைச்சுதா?"

"கிடைச்சா உனக்குத்தான். உன் கால் அளவுதான் அது."

"செருப்பெல்லாம் வேணாம். எழுந்திருக்கும்போது பலகையைத் துடைச்சு வச்சிட்டுப் போங்க, போதும்."

"திண்டையே கொண்டாந்துட்டியா? என்னைத் தூக்கிப் போட ஆள் ஏற்பாடு பண்ணலையா?"

"அதுக்கு ஆள் எதுக்கு, நான் பத்தாதா?"

"சத்தம் போடாதீங்கம்மா, மீன் ஓடிடும்" என்றார் பக்கத்துப் பலகைப் பல் டாக்டர், இருவரையும்விட உரக்க.

4

குட்டியை நான் மூன்று முறை எழுதினேன்.

முதல் குட்டி யாரும் பார்க்காதபோது ஏரியில் கல்லெறிந்தாள். கல்லெறியும் நாத்தனார் எனக்கே அலுப்பாக இருந்தது, அடித்துவிட்டேன். இரண்டாம் குட்டி, "இருக்கையை நீங்களே வச்சுக்குங்க அண்ணி" என்று கண் கலங்கினாள். அவளைப் போல ஒருத்தியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

பிறகு அவளுடைய வேனில் ஏறிப் பார்த்தேன். (மனசால்தான்.) பின்னால் வண்டி நிறையப் பிள்ளைகள். ஒருவன் அழுகிறான், ஒருத்தி பாடுகிறாள், ஒருவன் இன்னொருவனின் தண்ணீர் பாட்டிலை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறான். மத்தியானமும் அதே கச்சேரி. வீட்டுக்கு வந்து விளக்கை அணைத்த பிறகும் அவள் காதுக்குள் வேன் ஓடுகிறது. போன கோடையிலும் இந்தக் கோடையிலும் அவள் நாணல் பக்கத்தில் நின்றபடியே காத்திருந்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு அவள் என் பேச்சைக் கேட்பதில்லை. நான் எழுதாத ஒன்றை அவளே வந்து கேட்டாள்:

"அண்ணி, கிண்டல் இல்ல. அங்க உக்காந்தா காதுக்குள்ள அந்த 'ங்ஙொய்' நிக்குமா?"

தையல்காரி தக்கையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நிக்கும்" என்றாள்.

"எவ்வளவு நேரத்துல?"

"சீக்கிரமே."

குட்டி திண்டை இடுக்கிக்கொண்டு எதிர்க்கரைக்கு, நாணல் நிழலுக்குப் போனாள். இவளுக்கும் இது வெறும் காற்று வாங்கும் இடமில்லை என்பது தையல்காரிக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்காக விட்டுக்கொடுத்துவிட முடியுமா? முடியாது.

5

வெயில் ஏறியது. முள் எதிலோ சிக்கி நூல் அறுந்தது. அவள் அவசரமாகப் புது முள்ளைக் கட்டினாள். ரொட்டியைப் பிசைந்து உருட்டி முள்ளில் குத்தினாள். குமிழ் வரும் இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, சத்தமில்லாமல் இறக்கினாள்.

குமிழ்கள் நெருங்கின. நின்றன. தக்கை ஒரு தடவை சிலிர்த்தது.

(இங்கே "அவள் இதயம் படபடவென்று—" என்று ஒரு வாக்கியம் இருந்தது. படபடத்தது என்னுடையதுதான். எடுத்துவிட்டேன்.)

தக்கை எழும்பியது. இன்னும் எழும்பியது. படுத்தது.

அவள் கம்பைத் தூக்கினாள். மறுமுனையில் ஏரியே நகர்ந்தது.

"டாக்டர்!"

"பார்க்கிறேன், பார்க்கிறேன். கம்பைச் சாய்க்காதீங்க, சாய்க்காதீங்க!" டாக்டர் தன் தூண்டிலைப் போட்டுவிட்டுக் கைவலையோடு எழுந்து நின்றார்.

கம்பு வில்லாக வளைந்தது. மீன் ஒரு முறை மேலே புரண்டது. பித்தளைத் தாம்பாளம் மாதிரி ஒரு விலா, தடித்த உதடு, மீசை. நூல் காற்றில் ரீங்கரித்தது. தையல்காரி சிரித்துக்கொண்டிருந்தாள், தான் சிரிப்பது தெரியாமலே. நாக்கு பல்லிடுக்கில் எதையோ தடவியது. துப்பிப் பார்த்தாள்.

பட்டு நூல் துணுக்கு.

சிரிப்பு நின்றது. வால் விட்டுக் கட்ட அவள் பழகித்தான் இருந்தாள். ஆனால் இன்று அவசரத்தில் கட்டியது அவளல்ல. தினமும் பொத்தான் தைக்கிற கை.

6

மன்னியுங்கள், இங்கே நிறுத்த வேண்டியிருக்கிறது. அந்த முடிச்சு தாங்குமா தாங்காதா என்று தெரியாமல் மேலே எழுத எனக்கு மனசு வரவில்லை. அறிவியல் படித்த கை. பட்டு நூல் வாங்கினேன். முள்ளை வீட்டு ஜன்னல் கம்பியில் மாட்டி, நூலின் மறுமுனையில் பக்கெட்டைத் தொங்கவிட்டு, குவளை குவளையாகத் தண்ணீர் ஊற்றினேன்.

"என்னடி பண்றே?" என்றாள் அம்மா.

"கதை எழுதறேம்மா."

"பக்கெட்டைத் தூக்குல போட்டா?"

வால் விட்ட முடிச்சு ஒவ்வொரு முறையும் தாங்கியது. ஒட்டக் கடித்த முடிச்சு (ஆம், பல்லால்தான் கடித்தேன்) சில முறை உருவிக்கொண்டது. சில முறை தாங்கியது. மெதுவாக ஊற்றினால் பெரும்பாலும் தாங்கியது. வெடுக்கென்று ஒரு சுண்டு சுண்டினால் உடனே போனது. கூடம் நனைந்தது. அம்மா துடைப்பத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். நான் துடைக்கவில்லை, ஓடிவந்து இதை எழுதுகிறேன்: முடிச்சு முடிவு சொல்லாது. அந்தப் பக்கம் இருக்கிற கைதான் சொல்லும்.

7

மீன் நேராக ஏரியின் நடுவுக்குப் பாய்ந்தது. கம்பின் நுனியில் கட்டிய நூல். விட்டுக்கொடுக்க மேலே ஒரு சாணும் இல்லை. இன்னும் ஒரு நொடி பிடித்தால் முடிச்சு உருவிவிடும்.

தையல்காரி கம்பை விட்டாள்.

விட்டாள் என்றால், தண்ணீரில் தள்ளிவிட்டாள். மூங்கில் மிதக்கும். மீன் அதை இழுத்துக்கொண்டே போகும், களைக்கும், ஆனால் நூலில் சுண்டு விழாது. இது அந்த ஏரியில் தெரிந்த வித்தைதான், செய்யத்தான் யாருக்கும் மனசு வராது. ஆளில்லாத கம்பு ஏரியில் தானாக ஊர்ந்து போவதைப் பார்த்திருக்கிறீர்களா? மற்றப் பலகைக்காரர்களும் எழுந்துவிட்டார்கள். கம்பு வலப்பக்கம் போனது, ஒரு வட்டம் போட்டது, நின்றது, திரும்பப் புறப்பட்டது.

"கம்பை யாரு எடுத்தாலும் மீன் முள் கட்டினவங்களுக்குத்தான்" என்று டாக்டர் விதியைக் கத்தினார். மீன் ஓடிவிடும் என்ற கவலை அவருக்கு இப்போது இல்லை.

கம்பு எதிர்க்கரையை நோக்கிப் போனது. அதன் அடிமுனை திரும்பி, மெதுவாக, நாணலோரம் தண்ணீரில் இறங்கி நின்ற குட்டியின் முழங்காலில் முட்டியது.

அந்த நாணலோரத்தில் வேறு யாருமில்லை. விட்டால் மீன் நாணலுக்குள் புகுந்து நூலைச் சுற்றிக்கொள்ளும். எடுத்தால்? ஹேண்ட் பிரேக் இழுக்கிற கை அது. முடிச்சைப் பற்றி அவளுக்குத் தெரியாது. எடுத்ததும் வெடுக்கென்று இழுப்பாள். சொன்னாலோ, மீனைத் தொலைக்க ஒரு சின்னச் சுண்டு போதும் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். யாரும் குறை சொல்ல முடியாத சுண்டு.

தையல்காரி கைகளை வாயில் குவித்தாள்.

"குட்டி, முடிச்சுல வால் இல்ல. ஒட்டக் கடிச்சுட்டேன். சுண்டினா உருவிக்கும்."

குட்டி குனிந்து கம்பைப் பிடித்தாள். நிமிர்ந்தாள்.

"இதை எதுக்கு எங்கிட்ட சொல்றீங்க?"

"வேற யாரு இருக்கா அங்க?"

8

முடிவு ஒன்று: குட்டி மீனை அழகாகக் கொண்டுவந்து சேர்க்கிறாள், அடுத்த கோடைவரை நாணலோரம் நிற்கிறாள். இதை எழுதும்போது என் காதில் 'ங்ஙொய்' கேட்டது.

முடிவு இரண்டு: குட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் இழுக்கிறாள். முடிச்சு தானாகவே உருவிக்கொள்கிறது. (பக்கெட் அப்படியும் செய்தது.) அவள் சொல்வதை யாரும் நம்பவில்லை. எழுதினேன், இரண்டு நாள் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை.

முடிவு மூன்று: ஆளுக்கொரு ஞாயிறு என்று பலகையைப் பங்கு—

இல்லை. டாக்டரின் விதியில் அதற்கு இடமில்லை. அதோடு, இது குட்டிக்குத் தோன்றியது அல்ல. எனக்குத் தோன்றியது, அதுவும் களைப்பில்.

நான் கடைசியாகப் பார்த்தபோது குட்டி முழங்கால் தண்ணீரில் நின்றாள். திண்டு நழுவி எங்கோ மிதந்தது. எதிர்க்கரையில் அண்ணி நின்றாள். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. அதற்குமேல் குட்டியின் கைக்குள் என்னால் போக முடியவில்லை. உங்களால் முடியும் என்று நினைக்கிறேன். நீங்களும் எதற்காகவோ நெடுநாள் நின்று காத்திருந்தவர்தானே. இப்படிக் கொஞ்சம் நகர்ந்து வாருங்கள். மூங்கில் ஈரமாக இருக்கும், வழுக்கும், இரண்டு கையாலும் பிடியுங்கள்.

கனம் தெரிகிறதா? இன்னும் போகவில்லை அது.